மூன்று வருடத்தில் அவள் எங்கே நிற்பாள்

நவம்பர் 12

பெருந்துறை வந்து சேர்ந்தேன். கல்லூரி விடுதியில் அறை கொடுத்திருக்கிறார்கள். மாநில மகளிர் பேஸ்பால் அணியின் பயிற்சி முகாம். எனக்கு இது ஒன்பதாவது. பள்ளியில் விடுப்பு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பி.டி. டீச்சரே லீவுல போனா ஸ்போர்ட்ஸ் டேவை யாரும்மா நடத்துறது?" என்று பிரின்சிபால் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

புதிதாக ஆறு பெண்கள் வந்திருக்கிறார்கள். ஐந்து பேரின் பெயர் மறந்துவிட்டது. ஆறாவது ஜெபக்கனி. சாத்தான்குளம் பக்கம். வயது பத்தொன்பது. பள்ளியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவளாம்.

சாயங்காலம் கோச் சுகுமாரன் சார் எங்களை வேலியோரம் நிறுத்தி, அங்கிருந்து ஹோமுக்கு எறியச் சொன்னார். ஹோம் என்பது பேட் செய்கிறவள் நிற்கும் இடம். நாங்கள் எறிந்தால் பந்து ஒரு முறையாவது தரையில் குத்திவிட்டுத்தான் போய்ச் சேரும். அவள் எறிந்தது குத்தவில்லை. ஹோமுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க நிற்கும் கேட்சர் இடத்தை விட்டு நகரவும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 13

மழை. பயிற்சி இல்லை. துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 15

அவளை என் அறையில் போட்டுவிட்டார்கள். மூன்று பேர் அறை. மூன்றாவது ஆள் கேட்சர் தில்ஷாத். ஜெபக்கனி வாய் ஓயாமல் பேசுகிறாள். மெஸ்ஸில் இரண்டு முறை சாம்பார் வாங்குகிறாள். படுத்தால் உடனே தூங்கிவிடுகிறாள். எனக்கு அப்படித் தூக்கம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

பூபதி போன் செய்தார். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்தும் என் ஆட்டம் அவருக்குப் பிடிபடவில்லை. "நீ நிக்கிறது கிரிக்கெட்ல லாங் ஆன் மாதிரிதான?" என்றார். இல்லை என்று மறுபடி விளக்கினேன். பின்னால் உள்ள புல்வெளியில் மூன்று பேர் நிற்போம். அதற்குப் பெயர் அவுட்ஃபீல்ட். இடப்பக்கம் லெஃப்ட், வலப்பக்கம் ரைட், நடுவில் சென்டர். சென்டரில் நிற்பவள்தான் அதிகம் ஓட வேண்டும், அவள்தான் மற்ற இருவருக்கும் குரல் கொடுக்க வேண்டும். அந்த இடம் என்னுடையது.

"சரி சரி, கேப்டன் மாதிரி" என்றார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 18

ஷூ ஆணி வாங்க சாயங்காலம் ஈரோட்டுக்குப் புறப்பட்டேன். பஸ் மாறி ஏறிவிட்டேன். பலகையில் எழுத்தைச் சின்னதாக எழுதியிருக்கிறார்கள். பாதி வழியில் இறங்கித் திரும்பினேன்.

ஐந்தரை மணிக்குமேல் பயிற்சி வேண்டாம் என்று சாரிடம் சொன்னேன். கொசு அதிகம்.

நவம்பர் 19

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோகிலா, அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பாரு."

"எந்தப் பொண்ணுங்க சார்?"

"எந்தப் பொண்ணுன்னு உனக்குத் தெரியும். இன்னைக்கு அவ எப்படி ஆடுறான்னு எனக்கே தெரியுது. மூணு வருஷத்துல அவ எங்க நிப்பா, எவ்வளவு அடிப்பா, அதைச் சொல்லு. ஜனவரியில இந்தியா கேம்ப் இருக்கு. நம்ம மாநிலத்துலேர்ந்து அவுட்ஃபீல்டுக்கு ஒரே ஆளைத்தான் கேட்டிருக்காங்க. இருபத்தொம்பதாம் தேதி கமிட்டி கூடுது."

"அதை நான் எப்படிங்க சார் சொல்றது?"

"நான் பிட்சரா ஆடினவன். பந்து போடறவளைப் பத்திக் கேளு, சொல்றேன். ஓடிப் புடிக்கிறவளைப் பத்தி உன்னை விட யாரு சொல்ல முடியும்?"

இந்தியா முகாமுக்கு இரண்டு முறை என் பெயர் காத்திருப்போர் வரிசை வரை போய் நின்றிருக்கிறது. சாருக்கு அது ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை.

நவம்பர் 23

நான்கு நாளாக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா.

பந்து மட்டையில் பட்ட சத்தம் எங்களுக்குக் கேட்கும்போது அவள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருக்கிறாள். மட்டை இறங்கும் கோணத்தைப் பார்த்தே அவளுடைய இடது தோள் திரும்பிவிடுகிறது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. எனக்கு இது வர ஆறு வருடம் பிடித்தது. ஓடும்போது தலை ஆடுவதில்லை. அதனால் பந்தும் அவள் கண்ணில் ஆடாது.

பேட்டிங்கில் வேகமான பந்து எதுவானாலும் அடிக்கிறாள். மெதுவாக வருவதற்கு முன்கால் அவசரப்படுகிறது. உடம்பு முன்னே போய்விட, மட்டை காற்றில் சுற்றுகிறது. இன்று அப்படி நான்கு முறை ஏமாந்தாள். நான்காவது முறை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால், குறை எது என்று தெளிவாகப் பிடிபட்டதில் ஒரு திருப்தி.

குறை சரியாகக்கூடியதுதான். ஒரு வருடம் போதும். அதைவிடக் குறைவாகவும் ஆகலாம்.

இன்று குளிக்கப் போனபோது என் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எக்கா, ஒரே கலர்லா, மாறிட்டு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு துண்டு காரணமாக இருக்க முடியாது என்று தில்ஷாத் சொன்னாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு.

நவம்பர் 26

காலையிலிருந்து மூட்டம். எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து ஆடினோம். நான் சென்டர், அவள் லெஃப்ட். கடைசியில் ஒரு உயரமான பந்து என் தலைக்கு நேரே வந்தது. நான் முன்னால் வந்தேன். பந்து பின்னால் போனது. அவள் எங்கிருந்தோ ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் பிடித்தாள்.

"என்னாச்சு கோகிலா?" என்றார் சார்.

"வெயில் கண்ணுல பட்டுருச்சுங்க சார்."

ஜெபக்கனி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பந்தை எறிந்துவிட்டு அவள் இடத்துக்குப் போனாள்.

நவம்பர் 29

கமிட்டியில் மூன்று பேர். சங்கச் செயலாளர், ஒரு பழைய ஆட்டக்காரர், சுகுமாரன் சார். மிக்சரும் டீயும் வைத்திருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

"சொல்லும்மா, அந்தச் சாத்தான்குளத்துப் பொண்ணு எப்படி?"

"கை பலம் நல்லா இருக்குங்க. ஓட்டமும் இருக்குது. லெஃப்ட்ல வைக்கலாம்."

"சென்டர்?"

"சென்டர்ல நிக்கறவ மத்தவங்களையும் நடத்தணும்ங்க. அவ ஆட வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதுவுமில்லாம மெதுவா வர்ற பந்தை அவளால தொடவே முடியறதில்லைங்க. இந்தியா கேம்ப்ல பிட்சர்ங்க அதை முதல் நாளே கண்டுபுடிச்சுருவாங்க. நூறு தடவை ஆட வந்தா இருபது அடிச்சாப் பெருசு."

"மூணு வருஷம் கழிச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் சார் என்னை அழைத்திருந்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"மாநில அணியில நல்ல ஆளா இருப்பாளுங்க. அதுக்கு மேல இப்பச் சொல்றது கஷ்டம்."

செயலாளர் தலையாட்டினார். "அப்ப இந்த வருஷம் அனுபவம் இருக்கறவங்களையே அனுப்பிடலாமே" என்றார். பழைய ஆட்டக்காரர் என் பெயரைச் சொன்னார். சார் மறுக்கவில்லை.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 1

பட்டியல் ஒட்டினார்கள். இந்த மாதம் ஜலந்தரில் நடக்கும் தேசியப் போட்டிக்கான, நேஷனல்ஸ் அணியில் சென்டர் நான். ஜெபக்கனி மாற்று ஆட்டக்காரி. இந்தியா முகாமுக்கு என் பெயர்.

பூபதி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாராம். மாமியார் தெருவுக்கே லட்டு கொடுத்தாராம். மாமியார் போனில் அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன்.

டிசம்பர் 5

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜெபக்கனி வந்து கொடியின் அந்தப் பக்கம் நின்றாள்.

"எக்கா, கமிட்டில என்னையப் பத்தி நீங்கதான் பேசுனியளாம். சார் சொன்னாவ."

"ஆமா."

"மெதுவா வார பந்து எனக்கு ஆடத் தெரியல. அது உண்மதான். நானும் ஒத்துக்கிடுதேன்." ஒரு கிளிப்பை எடுத்து என் ஜெர்சியில் மாட்டினாள். "ஆனா பாதிதான் சொல்லிருக்கிய."

"மீதி என்ன?"

"அது உங்களுக்குத் தெரியும்லா. நாலு நாளா என்னையேதான பாத்துக்கிட்டு இருந்திய. நானும் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, இந்த வயதில் இவ்வளவு திமிர். தில்ஷாத்திடம் சொன்னேன். "திமிரா? உண்மையைச் சொன்ன மாதிரி இருக்கே" என்றாள்.

டிசம்பர் 9

தினமும் காலையில் எல்லோரும் எழுமுன் அவளும் தில்ஷாத்தும் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். தில்ஷாத் மெதுவாகப் போடுகிறாள், அவள் அடிக்கிறாள். விடுதி ஜன்னலிலிருந்து தெரிகிறது. முதலில் எல்லாம் தவறின. இன்று பத்தில் மூன்று பட்டது.

நான் ஜன்னலை மூடிவிட்டேன். குளிர்.

டிசம்பர் 15

ஜலந்தர். ரயிலில் இரண்டு இரவு. புளியோதரை இரண்டாம் நாளே கெட்டுவிட்டது. இங்கே மதியம் வரை பனிமூட்டம், நாலரைக்கே வெளிச்சம் மங்குகிறது. நம் ஆட்டங்கள் எல்லாம் எப்போது என்று அட்டவணையை முதலில் போய்ப் பார்த்தேன். லீக் ஆட்டங்கள் முழுக்க மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். நல்லது.

டிசம்பர் 17

வென்றோம். நான் மூன்று பிடித்தேன், இரண்டு அடித்தேன். சார் முதுகில் தட்டினார். ஒன்பது வருடத்தில் என் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. ஜெபக்கனி பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். மனது லேசாக இருந்தது.

டிசம்பர் 18

லெஃப்டில் ஆடும் பவதாரிணிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஜெபக்கனியை இறக்கினார்கள்.

மூன்று முறை ஆட வந்து மூன்றும் அடித்தாள். அதில் ஒன்று மெதுவான பந்து. காத்திருந்து, காத்திருந்து, கடைசி நொடியில் அடித்தாள். பந்து என் காலத்தில் நான் அடித்த எதையும்விட தூரமாகப் போனது. "என் காலத்தில்" என்று எழுதியிருக்கிறேன். கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அவளைப் படம் எடுத்தார். பின்னணியில் நானும் பாதி நின்றேன். தள்ளி நிற்கச் சொன்னார்.

டிசம்பர் 20

அரையிறுதி. பனியால் ஆட்டம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இரண்டரைக்குத்தான் தொடங்கியது. ஏழு இன்னிங்ஸ், அதாவது இரு அணியும் மாறி மாறி ஏழு முறை பேட் செய்ய வேண்டும். நாங்கள் ஒரு ரன் முன்னால்.

ஐந்தாவதில் என் முன்னால் ஒரு பந்து விழுந்தது. பிடிக்க வேண்டியது. நான் அதைப் பார்த்தபோது அது புல்லில் உருண்டுகொண்டிருந்தது. நல்லவேளை, ரன் போகவில்லை. எங்கள் பேட்டிங் முறைக்காக உள்ளே வந்ததும் ஜெபக்கனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா. உங்களுக்குத் தெரியலதான?"

"வெயில்."

"வெயிலு எங்கக்கா இருக்கு?"

மைதானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"சாயந்திரமானா உங்களுக்குப் பந்து தெரிய மாட்டேங்கு. பெருந்துறைலயே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"சொன்னா உங்களத் தூக்கிருவாவ. எனக்கு அப்படி வேணாம். நல்லா ஆடுத ஆளுகிட்டேருந்து எடுக்கணும் அந்த எடத்த." கையுறையைத் தொடையில் தட்டிக்கொண்டே பேசினாள். "ஆனா இன்னைக்குத் தோத்துருவோம்க்கா. உங்க பக்கம்தான் அடிக்காளுவ. அவளுவளுக்கும் தெரிஞ்சிட்டு."

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் முதலில் சாயங்காலத்தில்தான் கண் தெரியாமல் போனது. பிறகு காலையிலும். டாக்டரிடம் போனால் அதையே எனக்கும் சொல்வார்கள் என்று இரண்டு வருடமாகப் போகவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, பூபதியிடம்கூட. இங்கேயும் இதற்குமுன் எழுதியதில்லை.

எழுந்து சாரிடம் போனேன்.

"சார், ஜெபக்கனியைச் சென்டருக்கு அனுப்புங்க. லெஃப்டுக்கு வேற ஆளைப் போடுங்க. நான் வெளிய வந்துடறேன்."

"அடி பட்டுருச்சா?"

"இல்லைங்க சார். எனக்குப் பந்து தெரியல."

வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று எனக்கும் தெரியும். சார் நடுவரிடம் போய்ச் சொன்னார்.

கடைசி இன்னிங்ஸ். ஒருத்தி அவுட், இன்னும் இருவர் அவுட்டானால் ஆட்டம் எங்களுடையது. ஹோமுக்கு முந்தின நிறுத்தமான மூன்றாவது பேஸில் அவர்கள் ஆள் ஒருத்தி. உயர்ந்த அடி, சென்டருக்கு வெகுதூரம் பின்னால். பிடித்தாலும் போதாது, பிடித்த நொடியில் பேஸில் நிற்பவள் ஹோமுக்கு ஓடலாம், வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். ஜெபக்கனி பின்னால் பார்க்காமலே ஓடினாள். எனக்குப் பந்து தெரியவில்லை. அவளை மட்டும்தான் தெரிந்தது. திரும்பினாள், கை உயர்ந்தது, அந்த வேகத்திலேயே எறிந்தாள். தில்ஷாத்தின் கையுறையில் விழுந்த சத்தம்தான் எனக்குப் பந்து வந்து சேர்ந்த செய்தி. ஓடிவந்தவள் இன்னும் இரண்டு எட்டு தள்ளி இருந்தாள்; அவளும் அவுட்.

எல்லோரும் என்னைத் தாண்டி சென்டர் ஃபீல்டுக்கு ஓடினார்கள். தண்ணீர் கேனைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். நான்தான் அவளை அங்கே அனுப்பினேன் என்று யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒருவர்கூட நிற்கவில்லை.

டிசம்பர் 21

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். வெள்ளிப் பதக்கம். ஜெபக்கனி சென்டர். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கும் தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ்க்கா" என்றாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 22

ரயில் புறப்பட்டதும் சார் இருந்த இடத்துக்குப் போனேன். எதிர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"சார், அன்னைக்குக் கேட்டீங்களே, மூணு வருஷத்துல அவ எங்க நிப்பான்னு."

"சொன்னியே."

"சொல்லலைங்க சார். இப்பச் சொல்றேன். சென்டர். மூணு வருஷம் வேண்டாம், இப்பவே. பந்து போற இடம் அவளுக்கு அடிக்கறதுக்கு முன்னாடியே தெரியுது. நூறு தடவைக்கு முப்பத்தஞ்சு அடிப்பா. மூணு வருஷத்துல இந்தியா அணியில அவளை வச்சுத்தான் மத்த ரெண்டு பேரையும் நிறுத்துவாங்க. அந்த மாதிரி ஆள் நம்மகிட்ட இதுவரைக்கும் வந்ததில்லை. நானும் சேர்த்துத்தான்."

"இதெல்லாம் எப்பத் தெரியும் உனக்கு?"

"இருபத்திமூணாம் தேதியே."

"அப்புறம் ஏம்மா?"

"எனக்குப் போகணும்னு இருந்துச்சுங்க சார்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் பேரை எழுதிக் குடுத்தாச்சு. என்ன சொல்லி மாத்தறது?" என்றார்.

"கண்ணு சரியில்லைன்னு சொல்லுங்க. அது நிஜம்தானுங்க."

டிசம்பர் 27

பூபதியிடம் சொன்னேன். முதலில் முகாமுக்குப் போகவில்லை என்பதை, பிறகு கண்ணை. முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதற்கு மிகவும் கோபப்பட்டார். "ரெண்டு வருஷமா? ராத்திரி வண்டி ஓட்டிட்டு வர்றியே, அப்பவுமா?" என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மாமியார், லட்டு வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இனி என்ன பதில் சொல்வது என்று கவலைப்படுகிறார்.

ஜனவரி 4

கோயம்புத்தூரில் கண் டாக்டர். மருந்து விட்டு, இருட்டில் உட்காரவைத்து, என்னென்னவோ பார்த்தார். அம்மாவுக்கு வந்தது எனக்கு இல்லையாம். கிட்டப்பார்வை. வெளிச்சம் குறைந்தால் அது அதிகமாகத் தெரியுமாம்.

"கண்ணாடி போட்டாப் போதும். விளையாடறவங்களுக்குன்னே லென்ஸ் இருக்கு" என்றார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். முன்னாடியே வந்திருக்கலாமே."

வெளியே வந்து ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். பூபதி சிரித்துக்கொண்டே டீ சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. போன வருடமே வந்திருந்தால் இந்த வருடம் இந்தியா முகாமில் நான் இருந்திருப்பேன் என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உண்மையில்லை என்று தோன்றியது. கண் நன்றாக இருந்திருந்தாலும் அவள் அவள்தான்.

ஜனவரி 11

ஜெபக்கனி முகாமுக்குக் கிளம்பிவிட்டாளாம். தில்ஷாத் படம் அனுப்பினாள். பச்சைப் பெட்டியோடு ரயில் வாசலில் நிற்கிறாள். பதில் போடவில்லை. மாவு புளித்துவிட்டது; இட்லி சரியாக வரவில்லை.

பிப்ரவரி 8

இந்திய அணி அறிவித்துவிட்டார்கள். அவள் பெயர் இருக்கிறது. சென்டர்.

பெயரைப் படித்தவுடன் போனைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு வந்தது என்ன என்று தெரியும். பொறாமை. மூன்று மாதமாக இந்தப் பக்கங்களில் துண்டு என்றும் திமிர் என்றும் குளிர் என்றும் எழுதியிருப்பது எல்லாம் இதுதான்.

மார்ச் 2

சுகுமாரன் சார் போன் செய்தார். அடுத்த சீசனுக்கு அணி அமைக்கிறாராம்.

"உன்னைப் பத்தி ஜெபக்கனிகிட்ட கேட்டேன்" என்றார்.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமேங்க சார்."

"உன்கிட்ட கேட்டா மறுபடி பாதிதான வரும்." சிரித்தார். "அவ சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்க. கோகிலாக்காவுக்கு ஓட்டம் குறைஞ்சிட்டு, சென்டர் இனிமே வேணாம். ரைட்ல நிப்பாட்டுங்க, ரெண்டு வருஷம் தாராளமா ஆடுவாவ. யாரு எங்க அடிப்பான்னு முன்கூட்டியே அறிஞ்சு நிக்கதுல அவியள மாதிரி ஆளு நான் இந்தியா கேம்ப்லகூடப் பாக்கல. பேட்டிங்ல கடைசில அனுப்பி வீணாக்காதிய, ரெண்டாவதா அனுப்புங்க. இதான் அவ சொன்னது. சரியா சொல்லியிருக்காளா?"

நான் மனதில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எதையும் தள்ள முடியவில்லை.

"சரிதானுங்க சார்."

"ரைட்ல நிக்கறியா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாள் முழுக்க எரிச்சல். அவளுடைய கைக்காக, காலுக்காக, வயதுக்காகப் பட்ட பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. தனக்கு எதிரே நிற்கிற ஒருத்தியைப் பற்றி யாரோ கேட்டபோது, நல்லதையும் கெட்டதையும் முழுசாக, நேராகச் சொல்ல அவளால் முடிந்திருக்கிறது. பத்தொன்பது வயதில். இதுதான் அவளிடம் எனக்கு மிகவும் ஆகாதது.

சாயங்காலம் லென்ஸைப் போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனேன். வலப்பக்க மூலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அங்கிருந்து ஹோம் எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்பதெல்லாம் புதிதாக இருந்தது. திரும்பி வந்து, ரைட்டில் நிற்கிறேன் என்று சாருக்குச் செய்தி அனுப்பினேன். பேட்டிங்கில் இரண்டாவதாக அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்துப் போட்டேன்.